இல்லாத ஐந்து துண்டுகள்

தொயாமா நகரத்துப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு இரண்டாம் பிரிவுக்கு ஒரு சுவர் இதழ் உண்டு. அதற்கு மூன்று நிருபர்கள். வானிலை எழுதுகிறவன் யாரென்று வானத்துக்கே தெரியாது. மீன்தொட்டிச் செய்திகளை மீன்கள்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் 'நகிசாவின் நாக்கு' வெளியாகும் திங்கட்கிழமைகளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

நகிசாவுக்கு வயது பத்து. ரயில் நிலையத்துக்கு எதிரே 'யுகேமுகி' என்றொரு பேக்கரி இருக்கிறது. நாடெங்கும் கிளைகள் உள்ள கடை. பருவத்துக்கு ஒரு தடவை, 'சில நாட்கள் மட்டும்' என்ற பலகையோடு ஒரு புதுப் பண்டத்தை அங்கே இறக்குவார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு எழுதுவதுதான் நகிசாவின் வேலை.

வசந்தத்தில் ஸ்ட்ராபெரி பன் வந்தபோது, 'என் நாக்கின் மேல் ஒரு சிவப்புச் சூரியன் உதித்தது' என்று எழுதினாள். கோடையில் எலுமிச்சை கேக் வந்தது. 'கண்ணை மூடினேன். கடல் வந்து கன்னத்தைத் தட்டியது' என்று எழுதினாள். செரிசாவா டீச்சர் சிவப்பு மையால் பெரிய பூ வரைந்து பாராட்டினார்.

பூ வாங்கிய நாளிலிருந்து நகிசா சாதாரணமாகப் பேசுவதையே மறந்துவிட்டாள். பள்ளிச் சாப்பாட்டில் மிசோ சூப்பை உறிஞ்சிவிட்டு, "இதுல ஒரு மழைக்காலத் தனிமை இருக்கு" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தன் கிண்ணத்துக்குள்ளும் அது இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான்.

அக்டோபர் வந்தது. கடைக் கண்ணாடியில் புதிய போஸ்டர் ஏறியது. 'குரி கபோச்சா பஃப்ஸ். இம்மாதம் முப்பத்தொன்று வரை மட்டும்.'

புதன்கிழமை நகிசா போனாள். தட்டு காலி. வியாழக்கிழமை ஓடினாள். அவளுக்கு முன்னால் நின்றவர் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை முதல் மணிக்கு முன்பே கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.

நகிசா போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதியாக வெட்டிய பஃப்ஸ். உள்ளே பொன்னிறத்தில் சதுரம் சதுரமாகத் துண்டுகள்.

குரி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? முள்ளுக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் பழுப்புக் கொட்டை. அவித்தால் மாவு மாவாக இனிக்கும். இலையுதிர் காலம் வந்துவிட்டால் அந்த ஊரில் சோற்றிலும் அதுதான், கேக்கிலும் அதுதான். கபோச்சா என்றால் பூசணி. ஆக, குரியும் பூசணியும் சேர்ந்த பஃப்ஸ். இதைக் கண்டுபிடிக்க நாக்கு எதற்கு? கண் போதாதா?

அன்று மாலை அவள் இப்படி எழுதினாள்:

'வியாழக்கிழமை மாலை, மணி நாலரை. பஃப்ஸின் அடுக்குகள் காய்ந்த இலைகள்போலச் சரசரத்தன. அப்போது என் பல்லுக்கடியில் ஒரு குரித் துண்டு, "நான்தான் இலையுதிர் காலம்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டது. நான் எண்ணினேன். மொத்தம் ஐந்து துண்டுகள். ஐந்தும் ஐந்து சிறிய அஸ்தமனங்கள்.'

ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் எண் ஒன்றைச் சேர்த்ததும் கட்டுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பொய்க்கு எண் கொடுப்பது நொண்டிக்குக் கோல் கொடுப்பது மாதிரி. கொஞ்ச தூரம் நன்றாகவே நடக்கும்.

திங்கட்கிழமை சுவர் இதழுக்கு முன்னால் கூட்டம். அந்தப் பக்கமாக வந்த தலைமை ஆசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"நானும் சாப்பிட்டேன்" என்றார். "அதே வியாழக்கிழமைதான். அஞ்சு துண்டு. சரியா அஞ்சு. நான்கூட எண்ணினேன்."

நகிசாவுக்கு மூச்சு வந்தது. பார்க்காமலே எழுதியது பலித்துவிட்டதே. தன் திறமையை நினைத்துத் தனக்கே மெய்சிலிர்த்தது.

கூட்டம் கலைந்த பிறகு தைஷி மட்டும் நின்றான். வகுப்பில் அதிகம் பேசாத பையன். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணுற?" என்று கேட்டாள் நகிசா.

"இதைப் பாத்து எழுதிக்கிறேன். யுகேமுகியில அடுப்பு பக்கம் நிக்கிறது எங்கம்மாதான். நீ சாப்பிட்டது அவங்க சுட்டதா இருக்கும். வீட்டுல காட்டப் போறேன்."

"ஓ."

"அவங்க சுட்டதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எழுதினதே இல்ல, தெரியுமா."

நகிசாவின் தொண்டையில் மீன்முள் ஒன்று குத்தியது போலிருந்தது. அன்றைய சாப்பாட்டில் மீனே இல்லை.

புதன்கிழமை பள்ளி முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பையை வைத்தாள். இன்றைக்காவது அந்தப் பஃப்ஸைத் தின்றுவிட்டால் பொய் பாதியாகக் குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். தட்டையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. வகுப்புத் தோழன் ஷுன்பேயின் அம்மா.

"பாருங்க, நாலு வாங்கினேன். நாலையும் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு குரிகூட இல்ல. பள்ளிக்கூட இதழ்ல அஞ்சுன்னு போட்டிருக்கு. தலைமை ஆசிரியரே எண்ணியிருக்காரு."

வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மா இடுப்புவரை குனிந்தார். சட்டையில் 'மிசுனோ' என்று பெயர் இருந்தது. தைஷியின் குடும்பப் பெயரும் அதுதான். மரியாதையாக அழைப்பவர்கள் 'மிசுனோ-சான்' என்பார்கள்.

"மன்னிக்கணும். குரி கபோச்சாங்கிறது பூசணியில ஒரு வகைங்க. குரி மாதிரி இனிக்கிறதால அந்தப் பேரு. உள்ள இருக்கறது எல்லாமே பூசணிதான். அதைத் தெளிவா எழுதி வெக்காதது எங்க தப்பு. ரொம்ப மன்னிக்கணும்."

மெலன் பன் அலமாரிக்குப் பின்னால் நகிசாவின் காதுகள் சுட்ட பன்போலச் சிவந்தன. கற்பூரவள்ளி வாழைப்பழத்தில் யாராவது கற்பூரம் தேடுவார்களா? அவள் தேடினாள். தேடியது போதாதென்று, ஐந்து கட்டி கிடைத்ததாக எழுதி ஒட்டியும்விட்டாள்.

"அப்ப தலைமை ஆசிரியர் பொய் சொல்றாரா?" என்று கேட்டார் ஷுன்பேயின் அம்மா.

அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கடை மேலாளர் ஒகுத்தானி ஓடிவந்து, மிசுனோ-சானைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகக் குனிந்தார். நாலு பன்னை இலவசமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மிசுனோ-சான், போன வியாழக்கிழமை என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலீங்களே."

"குரி பன்னுக்கு வெக்கிற டப்பாவும் பூசணி டப்பாவும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு? மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. அப்படி எதுவும்..."

"ரெண்டு பேருக்கு அஞ்சஞ்சு வந்திருக்கு. அதுல ஒருத்தர் தலைமை ஆசிரியர்."

மிசுனோ-சான் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் கவனக்குறைவா இருக்கலாமுங்க. மன்னிக்கணும்."

"வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆள் வந்து விசாரிக்கப் போறாரு. நம்ம கடையில எல்லா ஊர்லயும் எல்லாப் பஃப்ஸும் ஒரே மாதிரி இருக்கணும். அதுவரைக்கும் நீங்க அடுப்பு பக்கம் வர வேணாம். தட்டு கழுவுங்க."

நகிசாவின் கையிலிருந்த இடுக்கி நழுவித் தட்டின் மேல் விழுந்தது. மிசுனோ-சான் திரும்பிப் பார்த்தார்.

"அடடே, நீ நகிசாதானே? வகுப்புப் படத்துல பாத்திருக்கேன். தைஷி உன் எழுத்தைக் குளிர்பெட்டி மேல ஒட்டி வெச்சிருக்கான். அந்த அஸ்தமனம் வரி எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

நகிசா தரையைப் பார்த்தாள். தரை மிகவும் சுத்தமாக இருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு தூசிகூட இல்லை.

"அன்னிக்கு உனக்கு வந்த பஃப்ஸ்ல ஏதோ மாறிப்போச்சு போல, கண்ணு. வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"பண்ணல" என்றாள் நகிசா.

அது உண்மைதான். தின்னாத பண்டம் யார் வயிற்றையும் எதுவும் செய்யாது. அவள் காலித் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தாள். நாக்கைப் பிடுங்கி எங்காவது போட்டுவிடலாம் போலிருந்தது.

வியாழக்கிழமைக்குள் கடைக் கண்ணாடியில் அறிவிப்புகள் முளைத்தன. மேலாளர் ஒகுத்தானி தன் கைப்படவே எழுதியவை. முதலாவது: 'குரி கபோச்சா பஃப்ஸில் குரி இல்லை.' அது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிந்ததோ என்னவோ, அடுத்தது: 'குரி இல்லாததற்கு வருந்துகிறோம்.' தலைமை ஆசிரியரை மனதில் வைத்து மூன்றாவது: 'சிலவற்றில் குரி இருந்திருந்தால் அதற்கும் வருந்துகிறோம்.' கண்ணாடி நிறைந்துபோனதும் நாலாவது: 'அறிவிப்புகள் அதிகமானதற்கு வருந்துகிறோம்.'

வகுப்பில் ஷுன்பே தைஷியின் மேசைமேல் சாய்ந்துகொண்டு கேட்டான். "டேய், உங்கம்மாவுக்குப் பூசணிக்கும் குரிக்கும் வித்தியாசம் தெரியாதாமே? உங்க வீட்டுல சோத்துக்குப் பதிலா சோப்புத்தூளைக் கொட்டிட மாட்டாங்களே?"

நாலு பேர் சிரித்தார்கள். தைஷி பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான். பென்சில் ஏற்கெனவே ஊசிபோல இருந்தது.

"சும்மா இருடா, ஷுன்பே" என்றாள் நகிசா.

"நீதானேடி எழுதின?"

நகிசா நோட்டைத் திறந்து வெறும் பக்கத்தைப் படித்தாள். தைஷி அவளை நன்றியோடு பார்த்தான். அந்தப் பார்வை ஷுன்பேயின் கிண்டலைவிட மோசமாக இருந்தது.

வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் நகராட்சி அலுவலகத்தில், பொதுமக்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் பிரிவில் வேலை செய்கிறார். இருபது வருட அனுபவம். பாலம் இடிந்தாலும் குப்பை லாரி வராவிட்டாலும் அப்பாவின் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

"அப்பா, மன்னிப்புக் கேட்டு எழுதறது எப்படி?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. வீட்டில் அவருடைய தொழிலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"ரொம்ப சுலபம்மா. மொதல்ல, யாரு செஞ்சதுன்னு எழுதவே கூடாது. 'செய்தேன்'னு போடாத. 'நேர்ந்துவிட்டது'ன்னு போடு. மழை மாதிரி, தானா வந்தது. அப்புறம், 'தவறான புரிதல் ஏற்பட்டிருந்தால்'னு ஆரம்பி. 'இருந்தால்' முக்கியம். இல்லாமலும் இருந்திருக்கலாம் பாரு. கடைசியில, 'இனிமேல் கவனமாக இருக்க முயல்வோம்'னு முடி. முயல்வோம். அவ்வளவுதான்."

நகிசா உட்கார்ந்து எழுதினாள். 'பஃப்ஸ் தொடர்பாக, குரி குறித்த தவறான புரிதல் ஏற்பட்டிருந்தால், அவ்வாறு நேர்ந்தமைக்கு வருந்துகிறோம். எண்ணிக்கை விஷயத்தில் இனி கவனமாக இருக்க முயல்வோம்.'

"பிரமாதம்" என்றார் அப்பா. "நீ எங்க பிரிவுக்கே வந்துடலாம்."

நகிசா அதை இரண்டு முறை வாசித்தாள். வழவழப்பாக இருந்தது. ஆனால் அதற்குள் ஆளே இல்லை. நகிசா இல்லை, மிசுனோ-சானும் இல்லை. ஒகுத்தானியின் கண்ணாடியில் ஐந்தாவது அறிவிப்பாக ஒட்டினால் பொருத்தமாக இருக்கும்.

"அப்பா, இதைப் படிச்சிட்டு யாராவது உங்களை மன்னிச்சிருக்காங்களா?"

அப்பா பழத்தை உரிப்பதை நிறுத்தினார்.

"யாரும் பதில் எழுதினதில்லம்மா" என்றார். "அது சரி, இது யாருக்காக?"

"எனக்கு."

அப்பா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. உரித்த துண்டுகளை அவள் பக்கம் தள்ளி வைத்தார். நகிசா புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். இந்தத் தடவை எழுத மூன்று நிமிடம்தான் ஆனது. ஆனால் பெயரைப் போடுவதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால், செரிசாவா டீச்சரிடம் தாளை நீட்டினாள். டீச்சர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இவ்வளவு நேரா எழுதணுமா, நகிசா? அச்சுப்பிழைன்னு ஒரு வரி போட்டுடலாமே?"

"கையால எழுதினது, டீச்சர்."

டீச்சர் இழுப்பறையைத் திறந்தார். ஒட்டும் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 'நகிசாவின் நாக்கு' இருந்த இடத்தின் மேலேயே அவள் புதிய தாளை ஒட்டினாள்.

'நான் குரி கபோச்சா பஃப்ஸ் சாப்பிடவில்லை. போஸ்டரைப் பார்த்து எழுதினேன். குரி கபோச்சா என்பது ஒரு வகைப் பூசணி. அதில் குரி கிடையாது. ஐந்து துண்டுகள் என்று எழுதியது பொய். மிசுனோ-சான் எந்த டப்பாவையும் மாற்றவில்லை. நகிசா.'

பிள்ளைகள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் படித்தார்கள். ஷுன்பே வாயைத் திறந்தான்.

"அப்ப, அந்த அஞ்சு அஸ்தமனம்?"

"ஒண்ணும் அஸ்தமிக்கல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை போலிருந்தது. நகிசாவின் முகம் கழுத்துவரை எரிந்தது. தைஷி எழுந்து வந்து தாளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பிறகு அவள் பக்கம் திரும்பாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அன்று முழுவதும் திரும்பவில்லை.

பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அந்தப் பக்கமாக வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். கைகளை முன்னால் கொண்டுவந்தார். "நான் சாப்பிட்டது வேற கடையா இருக்கும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, வந்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் போனார்.

மாலையில் நகிசா அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தைஷி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே, கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒருவர் பெரிய நோட்டோடு நின்றார். தலைமை அலுவலக அதிகாரி. மேலாளர் ஒகுத்தானி அவருக்குப் பக்கத்தில் கேள்விக்குறிபோல வளைந்திருந்தார். தட்டு கழுவிய ஈரம் காயாத கையுறைகளோடு மிசுனோ-சான் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிக்கணும்" என்றாள் நகிசா. குரல் எலிக்குரலாக வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். "மன்னிக்கணும். அந்தக் குரியை எழுதினது நான்தான். நான் அதைச் சாப்பிடவே இல்ல. பொய் எழுதிட்டேன்."

தாளை விரித்துக் காட்டினாள். அதிகாரி படித்தார். உடனே அவளுக்கு முன்னால் குனிந்தார்.

"குழம்பும்படி பேர் வெச்சது எங்க நிறுவனம். நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும்."

அதிகாரியே குனிந்துவிட்ட பிறகு ஒகுத்தானி நிமிர்ந்து நிற்க முடியுமா? அவர் இன்னும் கீழே போனார். "போஸ்டரை அந்த இடத்துல ஒட்டினது நான். என் தப்பு."

"போதுமான அளவு சுடாம, சீக்கிரம் தீந்துபோகும்படி செஞ்சது எங்க திட்டப் பிரிவு" என்றார் அதிகாரி, இன்னும் தாழ்ந்து.

பன் வாங்க வந்த ஒரு பெரியவர், என்ன ஏதென்று தெரியாமல், வழியை மறைத்து நின்றதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தானும் குனிந்தார். நகிசா திகைத்தாள். தப்பு செய்தவள் அவள். ஆனால் அந்தத் தப்பில் அவளுக்கென்று ஒரு விள்ளல்கூட மிச்சம் வைக்காமல் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் குனியாதீங்க" என்றாள். "தயவுசெஞ்சு. இது என்னோடது."

மூவரும் பாதிக் குனிவில் நின்றார்கள். நகிசா மிசுனோ-சானுக்கு நேராகத் திரும்பினாள். தயாரித்து வைத்திருந்த வரிகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"புதன்கிழமையே சொல்லியிருக்கணும். மெலன் பன் பின்னாடிதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. பயந்துட்டு சொல்லாம போயிட்டேன். மன்னிச்சிடுங்க."

தலையைக் குனிந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து தொங்கியது.

கடைக்குள் குனியாமல் நின்றவர் மிசுனோ-சான் ஒருவர்தான். அவர் ஈரக் கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"அப்ப நான் டப்பாவை மாத்தல" என்றார் மெதுவாக. யாரிடமும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போலிருந்தது. "ரெண்டு நாளா தூக்கமே இல்ல. மாத்திட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

நகிசாவால் நிமிர முடியவில்லை. யாராவது திட்டியிருந்தால் இந்த அளவுக்கு வலித்திருக்காது.

மிசுனோ-சான் கையுறைகளை ஒகுத்தானியின் கையில் கொடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராக உள்ளே போனார். அடுப்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒகுத்தானி கையில் ஈரக் கையுறைகளோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அதிகாரி நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து அடுப்பின் மணி ஒலித்தது. ஆவி பறக்கும் தட்டோடு மிசுனோ-சான் வெளியே வந்தார். ஒரு பஃப்ஸைக் காகிதத்தில் சுற்றி நகிசாவிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம்" என்றாள் நகிசா. "நான் வாங்கக் கூடாது."

"இது பரிசு இல்ல. நீ எழுதினதைத்தான் நான் மனப்பாடம் பண்ணினேன். அதுக்குப் பதிலா இப்ப நிஜமா என்னன்னு சொல்லு. எனக்குத் தெரியணும்."

நகிசா கடித்தாள். சூடு. மென்றாள். விழுங்கினாள். மிசுனோ-சான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒகுத்தானி கழுத்தை நீட்டினார். அதிகாரி பேனாவைத் திறந்து தயாராக நின்றார். பன் வாங்க வந்த பெரியவர்கூடப் போகாமல் காத்திருந்தார்.

"பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்றாள் நகிசா.

"அப்புறம்?" என்றார் அதிகாரி.

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கு."

மிசுனோ-சான் சிரித்தார். தொப்பி நழுவும்படி சிரித்தார். அதிகாரி 'பூசணிக்காய் மாதிரி இருக்கிறது' என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

வெளியே தைஷி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். நகிசா மிச்சப் பஃப்ஸை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"குளிர்பெட்டியில ஒட்டினதைக் கிழிச்சுட்டேன்" என்றான்.

"சரி."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் அதைப் பாத்து எழுதிக்கிட்டு இருந்தப்பவே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

நகிசா யோசித்தாள். நல்ல வரி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

தைஷி சைக்கிள் மணி ஒன்றைத் தட்டினான். யாருடைய சைக்கிள் என்று தெரியாது.

"அடுத்த வாரம் வகுப்பு பெருக்கற முறை என்னோடது" என்றான். "நீ பெருக்கு."

"சரி."

"ஒரு மாசம்."

"சரி."

"கழிவறையும்."

நகிசா அவனைப் பார்த்தாள். "உன் முறையில வர்றது பசங்க கழிவறைடா. நான் எப்படி உள்ள வர முடியும்?"

தைஷி இதை யோசித்திருக்கவில்லை. முகத்தைக் கடுமையாகவே வைத்துக்கொள்ளப் பார்த்தான். உதடு கேட்கவில்லை.

"அப்ப மீன்தொட்டி" என்றான். கையை நீட்டிப் பாதிப் பஃப்ஸை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து, இன்னொருவர் உட்கார இடம் விட்டான்.